திரளுக்குள் ஒரு முகம்

தமிழ் நாவல் தனிமனித அகத்தைக் கண்டடைந்த பிறகே நவீனமானது, கூட்டு வாழ்வை எழுதியவை எல்லாம் கட்சிப் பிரசாரம் என்ற கருத்து இன்று விமர்சன வாய்பாடாகிவிட்டது. அதற்கு வம்சாவளியும் தயார்: ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) நீதி சொன்னது, ‘மணிக்கொடி’ இதழ் எழுத்தாளர்கள் மனத்தைத் திறந்தார்கள், க.நா.சு.வின் ‘பொய்த்தேவு’ (1946) ஒருவனின் தேடலையே நாவலாக்கியது, நகுலனும் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) தந்த சுந்தர ராமசாமியும் சிகரங்கள். இவர்களின் சாதனை பெரிது. ஆனால் வாழ்வின் பொருளைத் தனித்திருந்து தேடும் வசதி எல்லாருக்கும் வாய்த்ததுபோல இந்த வரலாறு பேசுவதை ஏற்க முடியாது.

அகத்தை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு ‘குருதிப்புனல்’ (1975) சாட்சி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். இந்நாவலில் இந்திரா பார்த்தசாரதி அந்தக் கொடுமையின் வேரைப் பண்ணையாரின் ஆண்மைக் குறைபாட்டில் தேடினார். கூலியும் சங்கமும் பின்னுக்குப் போயின. கொன்றவனுக்கு உள்மனம் கிடைத்தது. மாண்டவர்கள் முகமில்லாமல் நின்றார்கள். சாகித்திய அகாதெமி அதற்கு விருதும் கொடுத்தது.

அதே பத்தாண்டில் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் அறிந்து ‘கரிப்பு மணிகள்’ (1979) எழுதினார். அளத்துக்குக் கூலி வேலைக்கு வரும் பொன்னாச்சியை வாட்டும் வெயிலும், அவள்மீது நீளும் அதிகாரத்தின் கையும் பக்கத்துப் பாத்திப் பெண்ணையும் விட்டுவைப்பதில்லை. அதை உணரும்போதுதான் தன் அவமானத்தை எண்ணிப் பார்க்கவே அவளுக்குத் தெம்பு வருகிறது. திரள் அவளை விழுங்கவில்லை, ஆளாக்குகிறது. பூமணியின் ‘வெக்கை’யிலும் (1982) கொலை செய்துவிட்டு ஒளிந்து திரியும் சிறுவன் சிதம்பரத்தின் மனம், தந்தையோடும் சொந்தபந்தங்களோடும் சேர்ந்தே நமக்குத் துலங்குகிறது.

இத்தகைய நாவல்கள் பல கடைசியில் கொடி பிடித்தன, பாத்திரங்கள் துண்டறிக்கை வாசித்தன என்பது உண்மைதான். ராஜம் கிருஷ்ணனிடமும் விளக்கவுரை சில இடங்களில் கதையை அமுக்குகிறது. ஆனால் அகத்தை எழுதிய மௌனியை நகலெடுத்தவர்களின் அலுப்பூட்டும் கதைகளுக்காக நாம் மௌனியைத் தள்ளிவிடுவதில்லையே. சாதி, குடும்பம் என்ற திரள்தானே இங்கே தனிமனிதரை நசுக்கியது என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பிறப்பால் வாய்த்த திரளையும் போராட்டத்தில் சேர்ந்த திரளையும் ஒன்றாக்குவதால் வரும் குழப்பம் அது. மணலூர் மணியம்மாளின் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’ அந்த வேறுபாட்டை அழுத்தமாகக் காட்டுகிறது: பிராமண விதவைக்கு விதித்த வாழ்வை உதறி, தஞ்சைப் பண்ணையாட்களோடு நின்றே அவர் தனக்கான வாழ்வைக் கண்டார். அவர் சேர்ந்திருந்த பொதுவுடைமை இயக்கம் அவருக்கு இழைத்த புறக்கணிப்பையும் நாவல் மறைக்கவில்லை.

ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல் நாட்டுடைமையாயின, யாரும் பதிப்பிக்கலாம். நம் இலக்கிய வகுப்புகள் ‘ஜே.ஜே’யோடு ‘கரிப்பு மணிக’ளையும் சேர்த்துப் பாடமாக்க வேண்டும்.