ஏரிக்கரைக்கு ஏற்ற கண்ணாடி: போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா?

'வானத்தை நீலமாக்கும் கண்ணாடி' என்று சொல்லித்தான் சி.பி.எல். ஃபில்டரை, அதாவது சர்க்குலர் போலரைசரை, பெரும்பாலும் விற்கிறார்கள். தாம்பரம் பக்கம் படம் எடுக்கிறவர்கள் அதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் ஏரித் தண்ணீருக்கும் மழையில் நனைந்த இலைக்கும் பாறைக்கும் இதைவிட நல்ல துணைக்கருவி வேறு இல்லை.

நான் பயன்படுத்துவது 67 மி.மீ. அளவுள்ள, நடுத்தர விலை ஃபில்டர். இரண்டு வளையங்கள்: ஒன்றை லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்த வேண்டும், மற்றது கண்ணாடியோடு சேர்ந்து சுழலும். கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் படலம், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். அதன் பின்னால் இருக்கும் இன்னொரு படலம் அந்த ஒளியைச் சுழல் ஒளியாக மாற்றிவிடும், பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களின் ஃபோகஸும் மீட்டரும் குழம்பாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. மிரர்லெஸ் கேமராவுக்கு இது கட்டாயமில்லை. ஆனாலும் கடைகளில் இப்போது சர்க்குலர் வகையே எளிதாகக் கிடைக்கிறது.

இதன் வேலையை நேரில் பார்க்க மாடம்பாக்கம் ஏரிக்கரை நல்ல இடம். கரைமேல் நின்றால் தண்ணீர் முழுக்க வெளுத்த வானம்தான் தெரியும். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து, நாலைந்து மீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீரைப் பார்த்தபடி வளையத்தை மெல்லத் திருப்புங்கள். வெள்ளைப் பூச்சு கலைந்து, முதலில் பாசி தெரியும், பிறகு அல்லித் தண்டுகள் அடிவரை தெரியும், அவற்றின் நடுவே விரல் நீளக் குஞ்சு மீன்களும் தெரியும். இன்னும் கால் சுற்று திருப்பினால் எல்லாம் மறைந்து பழையபடி வானம் வந்துவிடும். தண்ணீர்ப் பரப்போடு சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது பிரதிபலிப்பு ஏறக்குறைய முழுதாக அறுபடும். தூரத்துத் தண்ணீரை நாம் மிகத் தாழ்ந்த கோணத்தில் பார்ப்பதால் அங்கே பளபளப்பு அவ்வளவாகக் குறையாது. எதிர்க்கரைப் பனைகளின் நிழல் தண்ணீரில் விழுவதுதான் உங்கள் படம் என்றால், வளையத்தைப் பாதியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி.ராமன் 1921இல் இதே உத்தியைத்தான் நடுக்கடலில் கையாண்டார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே வைத்து, கடல் மேலிருந்த வானத்தின் பிரதிபலிப்பை அறுத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. கடலின் நீலம் வானத்திடம் கடன் வாங்கியது என்ற அன்றைய கருத்து அங்கே ஆட்டம் கண்டது. 1930 நோபல் பரிசில் போய் முடிந்த ஒளிச்சிதறல் ஆய்வுக்கு அந்தப் பயணம் ஒரு தொடக்கம்.

வானத்துக்கு வருவோம். சூரியனை ஆள்காட்டி விரலால் சுட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்து மணிக்கட்டைச் சுழற்றினால், கட்டைவிரல் காட்டும் பட்டையில்தான் ஃபில்டரின் வேகம் அதிகம். காலையிலும் மாலையிலும் அது வடக்கு, தெற்குப் பக்கம். சிக்கல் நம் காற்றில் இருக்கிறது. கடல் ஈரமும் ஜி.எஸ்.டி. சாலைப் புழுதியும் கலந்த வெண்படலத்தில் ஒளி பல தடவை சிதறுவதால் வானம் கருக்காது, சாம்பல் பூசியதுபோல் நிற்கும். வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்ட மறுநாள் காலை மட்டும் விதிவிலக்கு. அப்போதும் 24 மி.மீ.க்குக் குறைவான அகல லென்ஸ் போட்டால் வானத்தின் ஒரு மூலை கருநீலமாகவும் மறுமூலை வெளிறியும் திட்டுத் திட்டாக வரும்.

இலையும் பாறையும் வேறு கதை. மழை விட்டதும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காட்டையோ வண்டலூர்க் காட்டோரத்தையோ பாருங்கள். ஒவ்வொரு இலையிலும் வெள்ளைப் பளபளப்பு ஒட்டியிருக்கும். ஃபில்டரைத் திருப்பியதும் பச்சை தன் இயல்பான நிறத்துக்கு வரும். பல்லாவரம், திரிசூலம் மலைகளின் கருநிறச் சார்னோகைட் பாறை நனைந்திருக்கும்போது இதைவிட அழகாகத் தெரியும். கம்ப்யூட்டரில் நிறத்தைக் கூட்டலாம், வானத்தைக் கருக்கலாம். பளபளப்புக்கு அடியில் பதிவாகாமல் போன விவரத்தை மீட்க முடியாது. பணம் கொடுத்து வாங்க எனக்கு இது ஒன்றே போதும். தகரக் கூரையின் மினுமினுப்பிடம் மட்டும் பலிக்காது. உலோகப் பரப்பின் பளபளப்பை ஃபில்டர் அறுக்காது.

கலங்கல் ஏரியில் இது கலங்கலைத்தான் காட்டும், பல இடங்களில் அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் கவர்களையும் சேர்த்துக் காட்டும். சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளுக்காகக் குரல் கொடுக்கும் குடியிருப்போர் இதைக் கையில் வைத்திருக்க வேண்டும். மனுவோடு இணைக்கும் படத்தில் மேற்பரப்பின் அழகு விழுந்தால் யாருக்கும் பயனில்லை. தண்ணீருக்குள் இருப்பதுதான் தெரிய வேண்டும்.

இதற்கெல்லாம் கொடுக்கும் விலை வெளிச்சம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் போய்விடும். ஷட்டர் வேகம் 1/125 இருந்த இடத்தில் 1/30 வரை இறங்கும். மர நிழலில் ட்ரைபாட் வேண்டும். பள்ளிக்கரணையில் பறவைகளைப் படம் பிடிக்கப் போனால் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். வானவில் எடுக்கும்போது வளையத்தைக் கவனியுங்கள். ஒரு நிலையில் வில்லே காணாமல் போகும்.

கடையில் சோதிப்பது எளிது. லேப்டாப்பின் எல்.சி.டி. திரையை நோக்கி, கேமரா பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்கும்படி ஃபில்டரைப் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை கறுத்துப்போக வேண்டும். திருப்பிப் பிடித்தால் கறுக்காமல் நிறம் மட்டும் லேசாக மாறினால் அது சர்க்குலர்தான். வெள்ளைத் தாளையும் அதன் வழியே பாருங்கள்; மஞ்சளோ பழுப்போ அடித்தால் வேண்டாம். உங்களிடமுள்ள பெரிய லென்ஸின் அளவுக்கு ஒன்று வாங்கி, சிறியவற்றுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளலாம். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

நீல வானம் மட்டும் வேண்டுமென்றால் காசை மிச்சப்படுத்துங்கள். ஏரிக்கரைக்கும் மழையில் நனைந்த காட்டுக்கும் கேமராவோடு போகிறவராக இருந்தால், அடுத்த லென்ஸுக்கு முன்னால் இதை வாங்குங்கள்.