வாச்சாத்தி வழக்கு: உயர் நீதிமன்றத் தீர்ப்பு – ஒரு மதிப்பீடு

வாச்சாத்தி, தருமபுரி மாவட்டத்தில் அரூர் அருகே உள்ள பழங்குடியினர் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய்த் துறையினர் இவ்வூரைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர்.

1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. உள்ளூர் அதிகாரத்தின் பிடியிலிருந்து வழக்கை மீட்ட ஆணை அது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே எனத் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது.

மேல்முறையீடுகள் பொதுவாக ஆவணங்களைக் கொண்டே தீர்க்கப்படும். நீதிபதி பி. வேல்முருகனோ ஊருக்கே நேரில் சென்று பார்த்தார். பின்னர் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டார். அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கலாம் என்றார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். கீழ்நிலை ஊழியரோடு பொறுப்பு முடிந்துவிடாது என்று காட்டியதே இத்தீர்ப்பின் சிறப்பு.

குறை, காலம். இத்தீர்ப்பு வந்த நாள் 2023 செப்டம்பர் 29. மேல்முறையீட்டுக்கு மட்டும் 12 ஆண்டுகள். உயர் அதிகாரிகள் மீதான கட்டளை, கொடுமை நடந்து 31 ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1995இல் நீதிக்குக் கதவைத் திறந்த அதே நீதிமன்றத்தில்தான் இந்தக் காத்திருப்பும் நேர்ந்தது.