பிளைவுட் பரம்பரை

கிதார் வாங்கக் கிளம்பும் பையனுக்கு எல்லோரும் சொல்லும் முதல் புத்திமதி, "பிளைவுட்ல மட்டும் வாங்கிராத" என்பதுதான். அக்கூஸ்டிக் கிதாருக்கு அது நியாயமான பேச்சு. மேல் பலகை ஒரே மரமாக இருந்தால் வாசிக்க வாசிக்கக் குரல் விடும் என்பார்கள். ஒட்டுப்பலகை வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். ஆனால் எலெக்ட்ரிக் கிதார்களில் செமி ஹாலோ என்றொரு குலம் உண்டு. உடம்பின் நடுவே நெடுகிலும் ஒரு திடமான கட்டை, அதன் இருபுறமும் வெற்றுக் கூடு, மேலே வயலினுக்கு இருப்பதுபோல் இரண்டு எஃப் துளைகள். இந்தக் குலத்தில் லட்சங்களில் விலை போகும் மூலவரே பிளைவுட்தான். இது தெரிந்தால், சில பத்தாயிரங்களுக்குக் கிடைக்கும் செமி ஹாலோக்கள் எப்படி இத்தனை நன்றாக இருக்கின்றன என்ற வியப்பில் பாதி தீர்ந்துவிடும்.

மலிவென்றால் மட்டம் என்று பேச நம் விருதுநகர் மாவட்டத்தில் யாருக்கும் உரிமை இல்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த ஊர் சிவகாசி. 2007 முதல் 2021 டிசம்பர் வரை ஒரு பெட்டி ஒரு ரூபாய்க்கே விற்றது. அந்த ஒரு ரூபாய்க்குள் குச்சி வளையக் கூடாது, மருந்து உதிரக் கூடாது, ஒரே உரசலில் பற்ற வேண்டும். விலை குறையக் குறைய அளவு சுத்தமாக இருந்தாக வேண்டும் என்பதை இங்கே தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செமி ஹாலோ பிறந்த காரணம் மைக் செட் காரர்களுக்கு நன்றாகப் புரியும். கிப்சன் நிறுவனம் 1936இல் ஈ.எஸ். 150 என்ற கிதாரைக் கொண்டுவந்தது. முழுக் கூடான கிதாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒரு பிக்கப்பை வைத்து ஆம்பில் இணைத்தார்கள். சார்லி கிறிஸ்டியன் அதை வைத்துக்கொண்டு ஜாஸ் குழுவில் சாக்ஸபோனுக்குச் சமமாக எழுந்து நின்றார். சத்தத்தைக் கூட்டியபோதுதான் வினை வந்தது. ஆம்பிலிருந்து வரும் ஒலி கூட்டை அதிரவைக்கும், கூடு கம்பியை அதிரவைக்கும், கம்பி மறுபடி ஆம்புக்குப் போகும். மேடை முழுக்க ஊளை. கிதார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் எபிஃபோன் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு பைன் கட்டையில் கம்பிகளையும் பிக்கப்பையும் ஏற்றி, கிதார் மாதிரித் தெரிய வேண்டுமே என்று ஓர் எபிஃபோன் கிதாரின் உடம்பை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டினார். ஊளை நின்றது.

அந்த யோசனை பக்குவப்பட்டு 1958இல் கிப்சனின் ஈ.எஸ். 335 ஆக வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில், டெட் மெக்கார்ட்டி தலைமையில். மேலும் கீழும் மேப்பிள் தாள்களுக்கு நடுவே பாப்லர் வைத்து ஒட்டிய பலகை. அதைச் சூட்டில் அச்சு வைத்து அழுத்தி வளைத்தார்கள். உள்ளே மேப்பிள் கட்டை. சேத் லவர் வடிவமைத்த, இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் இரண்டு. செலவை மிச்சம்பிடிக்க மட்டும் பிளைவுட்டுக்குப் போகவில்லை. ஒட்டுப்பலகை லேசில் அதிராது, அதனால் ஊளையும் குறையும். வெடிப்பும் விடாது. இந்தக் குலத்தின் மற்ற எல்லாக் கிதாரையும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் இன்றும் எடை போடுகிறார்கள்.

கலமசூ பள்ளியின் பெரிய வித்வான் பி.பி. கிங். 1949இல் ஆர்கன்ஸாவின் ட்விஸ்ட் என்ற ஊரில், பீப்பாயில் மண்ணெண்ணெய் எரித்துச் சூடேற்றியிருந்த ஆட்டக் கொட்டகையில், இருவர் சண்டைபோட்டு அந்தப் பீப்பாயைக் கவிழ்த்தார்கள். கொட்டகை பற்றிக்கொண்டது. வெளியே ஓடிய கிங், கிதாரை எடுக்க மறுபடி உள்ளே போனார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று பிறகு தெரிந்ததும், இனி இந்த மாதிரி முட்டாள்தனம் செய்யக் கூடாது என்ற நினைவுக்காகத் தன் கிதாருக்கு அந்தப் பெயரையே வைத்தார். பின்னாளில் அவர் கையில் இருந்த லூசில்கள் இந்தக் குலத்துக் கிதார்கள்தான். எஃப் துளைக்குள் துணி அடைத்து ஊளையைக் குறைப்பார். 1980இல் கிப்சன் அவருக்காகத் துளையே இல்லாமல் ஒன்றைச் செய்துகொடுத்தது.

மற்றப் பள்ளிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். புரூக்ளினின் கிரெட்ச், கிதார் கலைஞர் செட் அட்கின்ஸ் பெயரில் 1950களில் கொண்டுவந்த பெரிய ஆரஞ்சு நிறக் கிதார்களால் பெயர் வாங்கியது. மணி உருட்டியதுபோல் பளிச்சென்ற குரல், ஸ்வரத்தை அலைய விடும் பிக்ஸ்பி கைப்பிடி. கலிஃபோர்னியாவின் ரிக்கன்பேக்கர் வேறு வழி: கட்டை மரத்தைப் பின்புறமாகக் குடைந்து கூடாக்கும். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் 1964இல் எடுத்த பன்னிரண்டு கம்பிக் கிதார் அந்த வகை. எபிஃபோன் கசினோவை நம் ஆட்கள் பலரும் செமி ஹாலோ என்றே சொல்கிறார்கள். அதற்குள் கட்டையே கிடையாது, முழுக் கூடு. பீட்டில்ஸ் வாசித்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கசினோ வாங்கி, திருவிழா மேடையில் ஊளையோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு. வீட்டுக்குள் வாசிக்க அருமையான சாமான், தவில் செட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மலிவுப் பள்ளி ஜப்பானில் ஆரம்பித்தது. 1970களில் இபனேஸ் கிப்சன் மாதிரிகளை அப்படியே செய்து விற்றது. 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் வழக்குப் போட்டது, அதுவும் கிதாரின் தலைப் பகுதி ஒரே மாதிரி இருக்கிறது என்று. குரலுக்கு வழக்கில்லை, தலைக்குத்தான்! தலையை மாற்றிக்கொண்ட இபனேஸ், 1980களில் ஜான் ஸ்கோஃபீல்ட் போன்ற ஜாஸ் கலைஞர்கள் விரும்பி எடுக்கும் செமி ஹாலோக்களைச் செய்தது. எபிஃபோன் டாட் 1997இல் தென் கொரியாவில் செய்யப்பட்டு வந்தது. 2002இல் இபனேஸ் சீனாவில் செய்வித்த ஆர்ட்கோர் வரிசை, மலிவுச் செமி ஹாலோ என்ற பேச்சையே மாற்றியது. 2004இல் எபிஃபோனுக்கென்று சீனாவின் சிங்தாவோ நகரில் தனித் தொழிற்சாலை. 2016இல் கிரெட்ச் தன் ஸ்ட்ரீம்லைனர் வரிசையை இந்தோனேசியாவில் செய்யத் தொடங்கியது. அதில் நடுக்கட்டை வைத்த மாடல்கள் மேடைக்குத் தைரியமாகக் கொண்டுபோகலாம். அமெரிக்காவில் 335இன் விலை மூவாயிரம் டாலருக்கு மேல். இவையெல்லாம் ஐந்நூறு டாலர் சுற்றுவட்டாரம்.

இந்த ஆறு மடங்கு வித்தியாசம் எங்கே போகிறது? பலகையில் அதிகம் இல்லை. அச்சில் அழுத்தி வளைக்கும் வேலையை இயந்திரம் எங்கிருந்தாலும் ஒரே மாதிரி செய்யும். ஃப்ரெட் வரிகளைக் கணினி வெட்டும்போது ஒரு நூல் பிசகாது. வித்தியாசம் கைவேலையில் இருக்கிறது: ஃப்ரெட் முனையை உருட்டிவிடுவது, நட்டில் கம்பி போகும் பள்ளத்தை அறுப்பது, பிக்கப், திருகுகள், டியூனர்கள். அத்தனையும் பிறகு சரிசெய்யக் கூடியவை. மரம் மட்டும்தான் மாற்ற முடியாதது. அதில்தான் மலிவுக் கிதார் தோற்கவில்லை.

பூச்சில் இன்னும் ஒரு வேடிக்கை. விலையுயர்ந்த கிப்சனுக்கு நைட்ரோசெல்லுலோஸ் மெருகு. பட்டாசு ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் புருவம் உயரும். புகையில்லா வெடிமருந்தின் மூலப்பொருளும் அதுதான். சூட்டிலும் வியர்வையிலும் அது பிசுபிசுக்கும், நாளடைவில் முடிமுடியாய் விரிசல் விடும். மலிவுக் கிதாரின் தடித்த பாலியெஸ்டர் பூச்சைக் கலைஞர்கள் கேலி செய்வார்கள். சித்திரை வெயிலில் வேன் கூரை மேல் சாத்தூர் வரை போய்வரும் கிதாருக்கு அந்தக் கேலிக்குரிய பூச்சுத்தான் சரி என்பது என் கட்சி.

நம் பக்கத்து மேடைக்கு இந்தக் குலம் பொருந்த வேறு காரணமும் உண்டு. விருதுநகர் பங்குனிப் பொங்கலிலோ சிவகாசி பத்ரகாளியம்மன் சித்திரைப் பொங்கலிலோ வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் பெரும்பாலும் ஒரே கிதாரிஸ்ட். எம்.எஸ்.வி. காலத்துக் கிளப் பாட்டையும் அவர்தான் வாசிக்க வேண்டும், அடுத்த பாட்டில் அனல் பறக்கும் ரஹ்மான் கிதாரையும் அவர்தான் வாசிக்க வேண்டும். 'பயணங்கள் முடிவதில்லை' 1982இல் வந்ததிலிருந்து 'இளைய நிலா'வுக்குச் சந்திரசேகர் வாசித்ததை அப்படியே இறக்கிக் காட்டாதவரை ஊர் கிதாரிஸ்டாக ஒப்புக்கொள்வதில்லை. முன் பிக்கப்பில் வைத்து, டோன் திருகைக் கொஞ்சம் குறைத்தால், செமி ஹாலோ அந்தப் பாட்டுக்குக் கிட்டத்தட்ட மரக் குரல் தரும். அதே கிதார் பின் பிக்கப்பில் கத்தவும் செய்யும். தவிர, கம்பியின் நீளம் கிப்சன் பாணியில் 628 மில்லிமீட்டர். 648 உள்ள ஃபெண்டர் பாணியைவிடக் கம்பி தளர்ந்து நிற்பதால் கமகத்துக்கு இழுக்க விரல் நோகாது. ஹம்பக்கருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சீரியல் செட்டும் டியூப் லைட்டும் ஜெனரேட்டரும் சூழ்ந்த மேடையில் ஒற்றைச் சுருள் பிக்கப் தேனீக்கூடு மாதிரி ரீங்கரிக்கும். இரட்டைச் சுருள் அந்த இரைச்சலைத் தானே அடித்துவிடும்.

கடையில் எப்படிப் பார்ப்பது? செல்போன் டார்ச்சை எஃப் துளைக்குள் அடியுங்கள். துளையின் விளிம்பில் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும், அல்லது கறுப்பு மை பூசி மறைத்திருப்பார்கள். உள்ளே பசை சொட்டி உறைந்திருப்பது குற்றமில்லை. நடுக்கட்டைக்கும் மேல் பலகைக்கும் நடுவே வெளிச்சம் புகுந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு கம்பியை டியூன் செய்யும்போது மூன்றாவது கம்பி "டிங்"கென்று குதிக்கிறதா என்று கேளுங்கள். குதித்தால் நட்டின் பள்ளம் இறுக்கம். பென்சில் கரியைத் தேய்த்தால் அன்றைக்குச் சமாளிக்கும், அளவான அரத்தால் அறுத்தால் நிரந்தரம். வால்யூம் திருகு கரகரத்தால் மட்டும் யோசிக்க வேண்டும். செமி ஹாலோவுக்குப் பின்பக்கம் மூடி பெரும்பாலும் இருக்காது. திருகுகளையும் ஒயரையும் நூல் கட்டி எஃப் துளை வழியாக வெளியே இழுத்து, பற்றவைத்து, அதே நூலால் பழைய ஓட்டைக்குத் திரும்ப இழுக்க வேண்டும். அரை நாள் வேலை, பொறுமையான ஆள் வேண்டும்.

கடைசியாக ஊர் வெயில். மழை குறைந்த இந்த வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வாழ்வு கொடுத்தது. மரத்துக்கு அது ஆகாது. இந்தோனேசியாவின் ஈரத்தில் செய்த ஃப்ரெட் பலகை இங்கே வந்து சுருங்கும். உலோக வரிகள் சுருங்காது. ஆறு மாதத்தில் அவற்றின் முனைகள் பக்கவாட்டில் துருத்தி, கை ஓட்டும்போது கீறும். கிதார் மட்டம் என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். சித்திரை, வைகாசி கழியட்டும். மரம் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகு மெல்லிய அரத்தால் முனைகளை ஒருமுறை உரசிவிட்டு, பலகைக்கு எண்ணெய் பூசினால் போதும். ஐப்பசி மழையில் கழுத்து லேசாக வளைந்தால் அதற்குள் இருக்கும் டிரஸ் ராட் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பலாம். அதற்கு மேல் திருப்ப வேண்டி வந்தால் கைதேர்ந்த ஆளிடம் கொடுங்கள்.