விரலின் விலையும் ரம்பத்தின் விலையும்

வேகமாகச் சுழலும் மேசை ரம்பத்தை நோக்கி, பலகையின் மேல் வைத்த ஒரு ஹாட் டாக் துண்டைத் தள்ளுகிறார்கள். பிளேடு தொட்ட கணமே 'டப்'பென்று ஓர் ஓசை. பிளேடு மேசைக்கடியில் மறைந்துவிடுகிறது. இறைச்சியில் சிறு கீறல் மட்டுமே. அமெரிக்கரான ஸ்டீபன் காஸ் 1999இல் கண்டுபிடித்த 'சாஸ்டாப்' நுட்பம் இதுதான். பிறகு கேமரா முன் தன் விரலையே வைத்தும் அவர் இதை நிரூபித்தார்.

பிளேடில் மெல்லிய மின்சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். தோல் பட்டதும் அது மாறும். உடனே அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து பிளேடின் பற்களைக் கவ்வும். எல்லாம் சுமார் 5 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும்.

குறைகளும் உண்டு. ஈர மரத்தையோ உலோகத்தையோ விரலென்று கருதி இயந்திரம் நின்றுவிடலாம். ஒருமுறை நின்றால் பிரேக் பெட்டியை மாற்றியாக வேண்டும். பிளேடும் பெரும்பாலும் பாழ். மரம் பின்னோக்கி எகிறி ஆளை அடிப்பதை இந்த நுட்பம் தடுக்காது. அதற்குப் பழைய தடுப்புத் தகடுகள்தான் கதி.

ஆனால் பெரிய சிக்கல் காப்புரிமையில் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கும்படி 2003இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் காஸ் மனு கொடுத்தார். விலை ஏறும், ஒரே நிறுவனம் சந்தையைப் பிடித்துக்கொள்ளும் என்று மற்ற நிறுவனங்கள் எதிர்த்தன. அந்த அச்சம் வீண் அல்ல. பிளேடைப் பாழாக்காமல் கீழிறக்கும் 'ரியாக்ஸ்' ரம்பத்தை பாஷ் நிறுவனம் கொண்டுவந்தது. காப்புரிமை மீறல் என்று 2017இல் அமெரிக்காவில் அதன் இறக்குமதிக்குத் தடை விழுந்தது. செலவைக் குறைத்திருக்கக்கூடிய போட்டி அங்கேயே முடங்கியது.

அதற்காக, தொழிலாளியின் கையை விலைவாசிக்குப் பலி கொடுக்க முடியுமா? அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 30,000 பேர் மேசை ரம்பக் காயங்களோடு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். 4,000 பேருக்கும் மேல் விரல்களை இழக்கிறார்கள். இதனால் சமூகத்துக்கு ஆண்டுக்கு சுமார் 400 கோடி டாலர் இழப்பு என்பது ஆணையத்தின் மதிப்பீடு. மலிவான ரம்பத்தின் விலையில் இந்தத் தொகை சேர்வதில்லை. அதைக் காயம்பட்டவரும் அவர் குடும்பமும் காப்பீடும் சுமக்கின்றன.

இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கும் விதி நடைமுறைக்கு வந்தால் முக்கியமான காப்புரிமை ஒன்றைப் பொதுவுக்கு விட்டுவிடுவதாக சாஸ்டாப் நிறுவனம் 2024இல் அறிவித்தது. அது 20 ஆண்டு தாமதமான அறிவிப்பு. ஆனாலும் சரியான வழி அதுதான். பாதுகாப்பைக் கட்டாயமாக்கும் அரசு, அதைச் செய்யும் உரிமையையும் எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டும்.