யாளி: ஒரு சொல்லும் அதன் பெயர்ப்புகளும்

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சுட்டுகிறது. அம்மலையை உள்ளடக்கிய சித்தூர் மாவட்டம் 1911இல் அமைந்து, 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிருவாக எல்லைகள் மாறினும் இது தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் நிலமே. திருமலை, திருப்பதிக் கோயில்களின் விசயநகரக் கால மண்டபத் தூண்களில் காணப்படும் யாளிக்கு இருமொழியாரும் ஒரே பெயரை வழங்குகின்றனர். ஆங்கிலத்தில் பெயர்க்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. சிங்கம் என்றும் கிரிஃபின் என்றும் அதனைக் குறிப்பது ஏற்புடையதா என்பது ஆராயத்தக்கது.

திருமலைப் பிரமோற்சவத்தில் சிங்க வாகனம் தனியே உண்டு. சிங்கமும் யாளியும் வேறு வேறு என்பதைப் பேசுவோர் நன்கறிவர். கிரேக்கக் கிரிஃபின் கழுகின் தலையும் சிறகும் உடையது, பொன்னைக் காப்பது. யாளியோ யானையோடு பொருவது. ஆகவே இரு பெயர்ப்புகளும் பொருந்தவில்லை.

அகராதியும் இங்கு முழுமையாகத் துணை செய்வதில்லை. சிங்கமுகமும் யானையின் துதிக்கையும் தந்தமும் உடைய விலங்கு எனச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தரும் விளக்கம் சிற்பத்துக்கு நன்கு பொருந்தும். சங்கப் பாடல்களிலோ யானையைத் தாக்கி அதன் மருப்பைப் பறிக்கும் வலிமையே முதன்மை பெறுகிறது; உருவ வருணனை அன்று. பிற்காலத் தூணின் வடிவத்தை முற்காலப் பாட்டின்மேல் ஏற்றுவது கால வழுவாகும்.

சொற்பிறப்பிலும் எச்சரிக்கை தேவை. வடமொழி 'வியாள' என்பதே யாளி ஆயிற்று என்பர். ஆனால் பாம்பு முதலியவற்றைக் குறிக்கும் 'வியாளம்' தமிழில் தனியே உண்டு. மேலும், யாளி–ஆளி என்னும் இரட்டை வடிவம் யானை–ஆனை, யாறு–ஆறு, யாண்டு–ஆண்டு என்பவற்றோடு ஒத்துள்ளது. இச்சொற்களுக்குத் தெலுங்கில் முறையே ஏனுகு, ஏறு, ஏடு என ஏகார முதல் வடிவங்கள் கிடைக்கின்றன. யாளி மட்டும் அங்கு யகர முதலாகவே வழங்குகிறது. எனவே தெலுங்கில் இது மரபுவழிச் சொல் அன்று, கடன்சொல் எனக் கருத இடமுண்டு.

இல்லாத விலங்கைப் பெயர்ப்பதன் விளைவுக்கு விவிலியம் சிறந்த சான்று. எபிரேய 'ரெயெம்' என்பதைச் செப்துவசிந்தா என்னும் கிரேக்கப் பெயர்ப்பு 'மோனோகெரோஸ்', அதாவது ஒற்றைக்கொம்பன், என்றது. 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு 'யூனிகார்ன்' என்றது. இந்தியாவில் ஒற்றைக்கொம்புக் காட்டுக்கழுதை உண்டு எனக் கிரேக்க மருத்துவர் தெசியாஸ் முன்பே எழுதியிருந்தார். உபாகமம் 33:17இல் ஒரு விலங்குக்கே 'கொம்புகள்' எனப் பன்மை வருகிறது. ஒற்றைக்கொம்பனுக்குப் பல கொம்புகள் கூடாமையால் ஆங்கிலப் பெயர்ப்பாளர் விலங்கையே பன்மையாக்கிவிட்டனர். மூலத்தின் ஒருமையை ஓரக்குறிப்பில் மட்டும் காட்டினர். தமிழ்ப் பழைய பெயர்ப்பு 'காண்டாமிருகம்' எனக் கொண்டு ஒற்றைக்கொம்பைக் காத்தது. தெலுங்கு 'குருபோது' என மாட்டினத்தை நாடியது. ரெயெம் என்பது காட்டெருது என்னும் இக்கால அறிஞர் கருத்துக்குத் தெலுங்கே நெருங்கி நிற்கிறது. ஒரே மூலச்சொல் அண்டை மொழிகள் இரண்டில் வெவ்வேறு விலங்காயிற்று.

மூலத்தில் இருந்த விலங்கு அங்கே பெயர்ப்பில் கற்பனையாயிற்று. யாளிக்கு நேர்வது இதன் மறுதலை: கற்பனை விலங்கு பெயர்ப்பில் காட்டுச் சிங்கமாகிறது. சிங்கம் என்று படிப்பவர் வழக்கமான வேட்டையைக் காண்பாரேயன்றி, யானையினும் வலியது ஒன்று உண்டு என்னும் பாட்டின் அச்சத்தை உணரார். யாளியை யாளி என்றே எழுதி, சங்கப் பாட்டுக்குச் செயல்வழி விளக்கமும் சிற்பத்துக்கு உருவவழி விளக்கமும் தருவதே தக்கது. ஒரே குறிப்பை இரண்டுக்கும் பயன்படுத்துதல் பொருந்தாது.