தோட்டப்புறத் தெய்வமும் நாவலின் உண்மையும்

நடப்பையும் வியப்பையும் ஒரே குரலில் கூறும் புனைவு முறையை மாய யதார்த்தம் என்பர். கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேசின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ (1967) இம்முறையை உலகறியச் செய்தது. அதனாலேயே இதனை அயல்நாட்டு இறக்குமதி என்பாரும் உளர். கெடாவின் தோட்டப்புற வாழ்வை அறிந்தவர் அவ்வாறு கூறார். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் மரம் சீவி, மங்குப் பாலை வாளியில் சேர்த்தவரே திருவிழா நாளில் முனியாண்டி கோயிலில் அருள்வந்து ஆடினார். அவருக்கு அவை இரண்டு உலகங்கள் அல்ல.

கூலிமை அடுத்த லுனாஸைக் களமாகக் கொண்ட ம. நவீனின் ‘பேய்ச்சி’ (2019) இவ்வாழ்வினின்று எழுந்த நாவல். 1981இல் அங்கு நச்சுச் சாராயம் குடித்துப் பலர் மாண்டனர். செய்தியாகச் சொன்னால் இறந்தோர் தொகை மட்டுமே மிஞ்சும். நாவலோ அத்துயரைத் தாய்த்தெய்வத் தொன்மத்தோடு பிணைக்கிறது. காப்பவளே அழிக்கவும் வல்லவள் என்னும் பழைய அச்சம் ஓலம்மா என்ற தோட்டத்துப் பெண்ணிடம் உருக்கொள்கிறது.

மார்க்கேசும் ஒரு தோட்டத் துயரையே எழுதினார். 1928இல் சியேனகாவில் வாழைத்தோட்டத் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர் நாவலில் அத்தகைய படுகொலை மறுக்கப்படுகிறது. பின்னர் ஏறத்தாழ ஐந்தாண்டு மழை பொழிகிறது. வாழையாயினும் ரப்பராயினும், ஏட்டில் அடங்காத துயர் வியப்பின் வழியே வெளிப்படுகிறது. வேறுபாடும் உண்டு. மார்க்கேசின் மழையை எவர் நம்பிக்கையும் தாங்கவில்லை. பேய்ச்சியோ மக்கள் வழிபாட்டில் வேரூன்றியவள். எனவே அதனைத் தொன்மப் புனைவு என்பதே பொருந்தும். நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்துக் கண்ட தொல்காப்பியர் மரபுக்கு இது புதிதன்று.

இந்நாவலின் கொச்சை வசவுகளைக் கண்டித்தோர் பலர். 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு, ஆபாசம் எனக் காரணம் காட்டி இதனைத் தடை செய்தது. பள்ளி மாணவர்க்கு இது உரியதன்று எனலாம், அது வேறு. கலைக்கு வேண்டாதது என்பது வேறு. பேச்சு மெய்யாக ஒலித்தால்தான் தெய்வத்தின் சினமும் மெய்யாகும். வசவைத் திருத்தமான நடைக்கு மாற்றினால் பேய்ச்சி வெறும் உருவகமாய்ச் சுருங்கிவிடுவாள்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; மக்கள் கூலிமுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் பெயர்ந்தனர். இனி எழுதுவோர்க்குத் தெய்வக் கதைகள் எளிதில் கிட்டும். பெரட்டும் மங்கும் கிட்டா. அவற்றைக் கேட்டறியாமல் தெய்வத்தை மட்டும் எழுதினால் எஞ்சுவது அலங்காரமே.