தேம்பாவணியில் ஒரு தச்சன்

வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும், 36 படலங்களும், 3615 பாடல்களும் கொண்ட பெருநூல். 1680இல் இத்தாலியிற் பிறந்த ஒருவர், முப்பது வயதளவில் தமிழகம் போந்து இத்தகைய காப்பியம் பாடினாரே என வியப்பது நம்மவர் வழக்கம். வியந்தபின் நூலை மூடி வைப்பதும் வழக்கமே. யாம் ஈண்டு எழுப்பும் வினா வேறு. இக்காப்பியத்தின் தலைவன் ஒரு தச்சன். அவன் இறுதிவரை தச்சனாகவே இருக்கின்றானா?

வளன் எனப் பெயர் பூண்ட சூசை வில்லேந்திப் பகை வென்றவன் அல்லன், நாடாண்டவனும் அல்லன். தன் குருதியிற் பிறவாத குழந்தையை வளர்த்தவன். ஏரோதன் வாளுக்குத் தப்பித் தாயையும் சேயையும் எகிப்துக்குக் கொண்டு சென்றவன். சுவிசேஷங்களில் அவன் வாய்மொழியாக ஒரு சொல்லும் இல்லை. ஏவலைக் கேட்டான், எழுந்தான், நடந்தான், அவ்வளவே. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எம்மனோர் 1667இல் வெளிவந்த மில்டனின் சுவர்க்க நீக்கத்தையே முன்னர் அறிவோம். அங்கே வானவர் போரும் சாத்தானின் முழக்கமும் நெஞ்சில் நிற்கின்றன. ஊழியக்காரன் ஒருவனைக் காப்பியத் தலைவனாக்கத் துணிந்தவர் நம் முனிவரே.

துணிந்தவர் பின்பு தயங்கினார் என்பதே எம் கருத்து. பெருங்காப்பியத்திற்கு ஒப்பற்ற தலைவன் வேண்டுமென்பது தண்டியலங்கார விதி. அவ்விதிக்கு ஈடு செய்வார் போல, முனிவர் நாட்டுவளமும் நகரச் சிறப்பும் விரித்து, வளனின் தாவீது குலப் பெருமையையும் ஓங்கச் செய்கின்றார். யோசுவா, கிதியோன் முதலியோரின் போர்க்கதைகள் பெற்ற இடத்தை உளியும் இழைப்புளியும் பெறவில்லை. இறுதிப் படலமோ முடிசூட்டுப் படலம்! பணிவிடைக்கு முடியே கூலியென்றால் அது பணிவிடையாகுமா? போதகர் துண்டை இடுப்பிற் கட்டிச் சீடர் கால்களைக் கழுவினார் என்று யோவான் எழுதிய இடத்தில் முடியேதும் இல்லை.

இது வெறும் அலங்கார ஆராய்ச்சி அன்று. கால் கழுவிய கதையை ஆண்டுதோறும் நடித்துக் காட்டும் திருச்சபையாரிடையே, திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்க்கும் சாதிச் சுவர் வைத்தார்கள். தலைவனுக்குக் குலச் சிறப்புத் தேடும் கவிமரபும் அச்சுவருக்கு ஒரு கல் கொடுத்ததென்று சொன்னால் புலவர் சினப்பர், சினக்கட்டும்.

நிற்க. யாம் தோட்டத்துக் கிராணி. பெயர்ப் பதிவே எம் தொழில். செம்பவாங்கிலும் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. 1938இல் திறக்கப்பெற்ற கடற்படைத் தளத்திலும் தமிழரும் மலையாளிகளும் உழைத்தனர். தாய்மார் பால்மரம் வெட்டச் செல்ல, ஆயாக் கொட்டகையில் பிறர் பிள்ளைகளுக்குத் தொட்டிலாட்டிய கிழவிக்குச் சம்பளப் புத்தகத்தில் ஒரு வரியே உண்டு. வளனை அவள் அறிந்திருக்க மாட்டாள். அறிந்திருந்தால், மாடமாளிகை வருணனையைத் தள்ளிவிட்டு, மணலில் இரவோடிரவாக நடக்கும் வளனையே தன் இனமென்று கண்டிருப்பாள்.

அந்நடையைப் பாடும்போது முனிவரும் வேறொருவராகின்றார். அணிகள் அங்கும் உண்டு. ஆயினும் அஞ்சிய தாயும், உறங்கும் மகவும், காவலாய் நடப்பவனும் அவற்றை மீறி நம் கண்முன் நிற்கின்றனர். இளைஞர்க்கென எகிப்துப் பயணப் பகுதியை மட்டும் எளிய உரையுடன் எவரேனும் சிறு நூலாக வெளியிடுவாராயின், செம்பவாங் நூலகத்தில் முதற்படி கேட்டு நிற்போர் யாமாவோம்.